வறள்நிலத்து வெள்ளமும் வடிகாலும்

மழை குறைந்த நிலத்தில் வாழ்வோர் வெள்ளத்தை எண்ணி அஞ்சுவது அரிது. அவர்தம் கவலையெல்லாம் கிணற்றின் ஆழத்தைப் பற்றியது; குடத்தின் வெறுமையைப் பற்றியது. வானம் கறுத்தால் அவர்கள் மகிழ்கின்றனர். இடி இடித்தால் முற்றத்திற்கு வந்து நிற்கின்றனர். ஆயினும், திடீர் வெள்ளத்தால் உயிர்ச்சேதம் நேர்ந்த ஊர்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தால், அவற்றுள் வறண்ட ஊர்கள் பல இருக்கக் காணலாம். நீரின்றி வாடும் ஊரே நீரால் அழிவதும் உண்டு. இவ்வியப்புக்குக் காரணம் யாது? அவ்வழிவைத் தடுக்கும் வழி யாது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதற்குக் கொங்கு நாட்டுத் திருப்பூர் நகரம் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

பனியன் நகரமும் நொய்யலாறும்

திருப்பூரின் பெயரை உலகம் பின்னலாடையால் அறியும். அந்நகரில் தைத்த பனியன்களும் சட்டைகளும் கடல் கடந்து பல நாடுகளுக்குச் செல்கின்றன. நூல் நூற்றல், துணி பின்னுதல், வெளுத்தல், சாயம் ஏற்றுதல், வெட்டுதல், தைத்தல் எனப் பல தொழில்கள் அங்கு ஒன்றையொன்று சார்ந்து நடைபெறுகின்றன. வேலை தேடித் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்தும், வட மாநிலங்களிலிருந்தும் மக்கள் வந்து குடியேறினர். ஊர் பெருகிற்று. நகராட்சியாக இருந்த அது 2008இல் மாநகராட்சியாயிற்று. 2009இல் ஒரு மாவட்டத்தின் தலைநகரமும் ஆயிற்று.

அந்நகரின் நடுவே நொய்யலாறு செல்கின்றது. மேற்குத் தொடர்ச்சி மலையின் வெள்ளியங்கிரிப் பகுதியில் தோன்றும் இவ்வாறு, கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர் ஆகிய மாவட்டங்களின் வழியே கிழக்கு நோக்கி ஓடிக் காவிரியிற் கலக்கின்றது. இதற்குக் காஞ்சி நதி என்ற பழம்பெயரும் உண்டு. இவ்வாற்றின் வடகரையிலேதான் பண்டைத் தொழில்நகரான கொடுமணல் இருந்தது. ஆங்கு நடைபெற்ற அகழாய்வுகளில் மணிக்கற்களை அறுத்து அணிகலன் செய்த பட்டறைகளின் தடயங்களும், இரும்புத் தொழிலின் தடயங்களும் கிடைத்துள்ளன. நொய்யற்கரையில் தொழில் செழித்தது இன்று நேற்றைய செய்தியன்று.

ஆனால், நொய்யல் எக்காலத்தும் நீர் நிறைந்து ஓடும் ஆறு அன்று. மேற்கு மலை, தென்மேற்குப் பருவக்காற்றின் ஈரத்தைத் தடுத்து நிறுத்திவிடுகின்றது. மலையின் மேற்குச் சரிவு நனைய, கிழக்கே அமைந்த கொங்குச் சமவெளி மழை மறைவு நிலமாக நின்றுவிடுகின்றது. ஆதலின் திருப்பூர், ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் பெய்யும் வடகிழக்குப் பருவமழையையே பெரிதும் நம்பியுள்ளது. அம்மழையும் நாள்தோறும் அளவாகப் பெய்வதில்லை. பல நாள் பொய்த்து, ஓரிரவில் கொட்டித் தீர்ப்பதுண்டு. ஆண்டு முழுவதும் வறண்டு கிடக்கும் ஓடைகள் அவ்வோரிரவில் ஆறாகின்றன. இத்தகைய ஓடைகளைக் கொங்கு மக்கள் 'பள்ளம்' என்று வழங்குவர். ஜம்மனை ஓடை, சங்கிலிப்பள்ளம் ஆகியவை நகரின் ஊடே வந்து நொய்யலிற் சேர்வன. நல்லாறு என்னும் சிற்றாறும் அவ்வாற்றையே அடைகின்றது.

2011ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களின் தொடக்கத்தில் அத்தகைய பெருமழை ஒன்று பெய்தது. இரவு நேரத்தில் ஓடைகளில் வெள்ளம் திடீரெனப் பெருகிற்று. கரையோரத்தில் குடியிருந்தோரின் வீடுகளுள் நீர் புகுந்தது. சில வீடுகள் அடித்துச் செல்லப்பட்டன. உறக்கத்தில் இருந்த மக்கள் தப்ப வழியின்றித் தவித்தனர். பலர் உயிரிழந்தனர். முதல்நாள் வரை காய்ந்து கிடந்த பள்ளம் மனிதரைக் கொண்டுபோகும் என்று எவர் நினைப்பர்?

வறண்ட நிலத்தில் வெள்ளம் வருவது எங்ஙனம்?

மழைநீர் மண்ணில் வீழ்ந்தபின் அதற்கு மூன்று வழிகள் உண்டு. ஒரு பகுதி மண்ணுள் இறங்குகின்றது. ஒரு பகுதி ஆவியாகி மேலே செல்கின்றது. எஞ்சியது நிலத்தின் மேல் ஓடுகின்றது. காட்டிலும் புல்வெளியிலும் மண் இளகியிருப்பதால் நீர் எளிதில் உள்ளே இறங்கும். வேர்கள் அதற்கு வழிகாட்டும். சருகுகள் அதன் வேகத்தைத் தணிக்கும். நீண்ட நாள் வெயிலில் காய்ந்த வெற்று மண்ணின் நிலையோ வேறு. அதன் மேற்பரப்பு ஓடுபோல் இறுகிவிடுகின்றது. பெருந்துளிகள் வீழும்போது நுண்ணிய மண் கரைந்து, மண்ணின் துளைகளை அடைத்துவிடுகின்றது. கொங்கு நாட்டில் பல இடங்களில் மண் ஆழமற்றது. சிறிது தோண்டினால் பாறை தட்டுப்படும். எனவே நீர் உள்ளே செல்வதற்கு முன்னரே ஓடத் தொடங்கிவிடுகின்றது.

பாலைநிலங்களிலும் இதுவே நிகழ்கின்றது. இராசத்தான் மாநிலத்துப் பார்மேர் மாவட்டம் தார்ப் பாலையில் உள்ளது. 2006ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில் அங்குப் பெருமழை பெய்தது. கவாசு என்னும் ஊரும் அதன் சுற்றுப்புறமும் நீரில் மூழ்கின. மணலின் கீழே களிமண்ணும் உறைகளிமக் கல்லும் படிந்திருந்தமையால், தேங்கிய நீர் மண்ணுள் இறங்க இயலாமல் நெடுநாள் நின்றது. சவூதி அரேபியாவின் செத்தா நகரில் 2009 நவம்பர் 25ஆம் நாள் சில மணி நேரமே மழை பெய்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நகரம் வளர்ந்தபோது, வறண்ட ஓடைத் தடங்களின் மேலேயே தெருக்களும் வீடுகளும் எழுந்திருந்தன. ஓடை தன் பழைய வழியை மறக்கவில்லை; மனிதர் மறந்திருந்தனர்.

முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரியும்போது பாலை தோன்றும் என்பது பண்டைத் தமிழர் கண்ட உண்மை. கொங்கு நாடு ஆனிரை மேய்ந்த முல்லை நிலம். அந்நிலத்தின்மேல் சிமெண்டுத் தளமும், தார்ச்சாலையும், தகரக் கூரையும் பரவியபோது, அதன் இயல்பும் திரிந்தது. கூரை ஒரு துளி நீரையும் குடிப்பதில்லை, சாலையும் குடிப்பதில்லை. நகரம் இவ்வாறு தனக்கெனவே ஒரு பாலையைச் செய்துகொள்கின்றது. வெயிற்காலத்தில் நீரின்மையும் மழைக்காலத்தில் வெள்ளமும் அதன் இரு பயன்கள் ஆகின்றன.

முன்னோர் கண்ட வழி

வறண்ட நிலத்தில் நீரை ஆள்வது புதிய கலையன்று. குசராத்து மாநிலத்தின் கச்சுப் பகுதியில் உள்ள தோலாவீரா, சிந்துவெளி நாகரிகத்தைச் சேர்ந்த நகரம். அதன் இருபுறமும் இரண்டு பருவகால ஓடைகள் இருந்தன. அந்நகரத்தார் ஓடைகளில் தடுப்பணை கட்டி, நீரைத் திருப்பி, பாறையில் வெட்டியும் கல்லால் கட்டியும் அமைத்த பெருந்தேக்கங்களில் நிரப்பினர். கோட்டைப் பகுதியில் மழைநீர் செல்வதற்கெனத் தனி வடிகால்களும் அமைத்தனர். மழை கிடைத்தற்கரிய அந்நிலத்தில், பகையாக வந்த வெள்ளத்தையே அவர்கள் ஆண்டு முழுமைக்கும் உணவாக்கிக்கொண்டனர்.

சோர்தான் நாட்டில் பாறைகளைக் குடைந்து அமைத்த பெட்ரா நகரின் வரலாறு, மற்றொரு பாடத்தைக் கற்பிக்கின்றது. அந்நகருக்குச் செல்லும் வழி இரு பாறைகளுக்கிடையே உள்ள ஒரு குறுகிய இடுக்கு. மலையில் மழை பெய்தால் வெள்ளம் அவ்விடுக்கின் வழியே சீறி வரும். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பு அங்கு வாழ்ந்த நபதேயர், இடுக்கின் வாயில் அணையொன்று கட்டி, பாறையைக் குடைந்து சுரங்கம் அமைத்து, வெள்ளத்தை வேறு வழியே திருப்பிவிட்டனர். நகரம் கைவிடப்பட்டபின் அணை சிதைந்தது. 1963ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் திடீரென வெள்ளம் புகுந்தது. நகரைக் காண வந்த பிரெஞ்சு நாட்டவர் இருபதின்மருக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன் பின்னரே அணை மீண்டும் கட்டப்பட்டது. ஈராயிரம் ஆண்டுப் பழமையான அறிவாயினும், பேணுவார் இல்லையெனில் பயனற்றுப் போகும் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

கொங்கு நாட்டு முன்னோரும் இக்கலையில் வல்லவரே. நொய்யலின் குறுக்கே ஆங்காங்கே சிறிய அணைக்கட்டுகளை அமைத்தனர். ஆற்றில் வெள்ளம் வருங்கால் அணைக்கட்டு அதில் ஒரு பகுதியை வாய்க்காலுக்குத் திருப்பும். வாய்க்கால் குளத்தை நிரப்பும். குளம் நிறைந்தபின் மிகுந்த நீர் கலிங்கின் வழியே வெளியேறி, அடுத்த குளத்திற்கோ ஆற்றிற்கோ செல்லும். ஒரே இரவில் கீழே பாய்ந்து செல்ல வேண்டிய நீர், இவ்வாறு படிப்படியாக நின்று நின்று சென்றது. பாசனம், குடிநீர், வெள்ளத்தணிவு ஆகிய மூன்று பயன்களும் ஒரே அமைப்பால் விளைந்தன.

திருப்பூரின் வடகிழக்கே உள்ள நஞ்சராயன் குளம் இத்தகைய குளங்களுள் ஒன்று. நல்லாற்றின் நீர் அதில் வந்து சேர்கின்றது. 2022இல் தமிழ்நாடு அரசு அதனைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024இல் அது பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலங்களைக் குறிக்கும் இராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. தொழிற்சாலைகள் நெருங்கிய நகரின் அருகே நாரைகளும் வாத்துகளும் வந்து தங்குவது, பழைய குளம் ஒன்று உயிரோடு இருப்பதற்குச் சான்றாகும்.

வடிகால் அமைக்கும் முறை

வடிகால் என்பது தெருவோரத்தில் வெட்டப்படும் வெறுங்குழி அன்று. அஃது ஒரு கணக்கின் விடை. அக்கணக்கைப் பொறியாளர் பின்வருமாறு போடுகின்றனர்.

முதலாவதாக, நீர்ப்பிடிப்புப் பரப்பை அறிதல் வேண்டும். எந்தெந்த மேட்டில் வீழும் மழை இந்த ஓடைக்கு வந்து சேரும் என்பதை, நிலத்தின் உயர்வு தாழ்வு காட்டும் படத்தைக்கொண்டு காணலாம். மேடுகளின் முகட்டை இணைத்து ஒரு கோடு வரைந்தால், அக்கோட்டிற்குட்பட்ட நிலமே நீர்ப்பிடிப்புப் பரப்பு. வார்டு எல்லையும் ஊர் எல்லையும் மனிதர் வகுத்தவை. நீர் அவற்றை மதிப்பதில்லை. மேலூரில் போடும் சாலை கீழூரில் வெள்ளமாகலாம்.

இரண்டாவதாக, மழையின் வேகத்தை அறிதல் வேண்டும். ஆண்டு முழுவதும் எத்துணை மழை பெய்தது என்பது உழவர்க்குப் பயன்படும் கணக்கு. வடிகால் அமைப்போர்க்கு வேண்டுவது, ஒரு மணி நேரத்தில், அல்லது கால் மணி நேரத்தில், எத்துணை பெய்யக்கூடும் என்பதே. ஆண்டு மழை குறைந்த ஊரிலும் கால் மணி மழை கடுமையாக இருத்தல் கூடும். வறண்ட ஊரார் ஏமாந்துபோவது இவ்விடத்திலேதான்.

மூன்றாவதாக, பெய்த மழையில் எத்துணைப் பங்கு ஓடும் என்பதை மதிப்பிடுதல் வேண்டும். புல்லும் மரமும் உள்ள நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கே ஓடுதல் கூடும். கட்டடம் நெருங்கிய இடத்தில் ஐந்தில் மூன்று பங்கோ அதற்கு மேலோ ஓடும்.

பரப்பு, மழையின் வேகம், ஓடும் பங்கு ஆகிய மூன்றையும் பெருக்கினால் வடிகாலுக்கு வரும் நீரின் அளவு கிடைக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வகுக்கப்பட்ட இவ்வெளிய முறை, சிறு பரப்புகளுக்கு இன்றும் பயன்படுகின்றது. எடுத்துக்காட்டாக, ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் மணிக்கு 36 மில்லிமீட்டர் வீதம் மழை பெய்வதாகக் கொள்வோம். ஒரு மணி நேரத்தில் வீழும் நீர் 36,000 கன மீட்டர். ஒரு மணியில் 3,600 வினாடிகள் உள்ளமையால், வினாடிக்கு 10 கன மீட்டர் ஆகும். நிலம் புல்வெளியாயின் அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 2 கன மீட்டர் ஓடும். அதே நிலம் நகரமாகிவிட்டால் ஐந்தில் மூன்று பங்கு, அதாவது 6 கன மீட்டர் ஓடும். மழை மாறவில்லை, வெள்ளம் மூன்று மடங்காயிற்று.

மற்றொன்றையும் கருதுதல் வேண்டும். புல்வெளியில் தவழ்ந்து வரும் நீர், தார்ச்சாலையில் ஓடி வருகின்றது. பல தெருக்களின் நீரும் ஏறத்தாழ ஒரே வேளையில் ஓடையை வந்தடைகின்றது. ஆதலின் நீரின் அளவோடு அது வரும் விரைவும் மிகுகின்றது. கரையில் இருப்போர்க்கு எழுந்து ஓடவும் நேரம் கிடைப்பதில்லை.

இனி, இந்நீரைச் சுமக்கும் வடிகாலின் அளவைக் காணலாம். வடிகாலின் குறுக்கு வெட்டுப் பரப்பை நீரோட்டத்தின் வேகத்தால் பெருக்கினால், அது சுமக்கும் நீரின் அளவு வரும். நீர் வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஓடுமாயின், 6 கன மீட்டர் நீரைச் சுமக்க 3 சதுர மீட்டர் குறுக்கு வெட்டு வேண்டும். 2 மீட்டர் அகலமும் 1½ மீட்டர் ஆழமும் உள்ள கால்வாய் இதற்குப் போதும்.

வேகமோ நினைத்தபடி அமைவதன்று. அது வடிகாலின் சாய்வையும், வடிவத்தையும், சுவரின் சொரசொரப்பையும் பொறுத்தது. அயர்லாந்து நாட்டுப் பொறியாளர் இராபர்ட்டு மேனிங்கு என்பார் இவற்றுக்கிடையே உள்ள தொடர்பை 1889இல் ஒரு வாய்பாடாக அமைத்துக் காட்டினார். பொறியாளர்கள் இன்றும் அதனைக் கையாளுகின்றனர். வேகம் மிகக் குறைந்தால் வண்டல் படியும்; மிக அதிகமானால் அடியும் கரையும் அரிக்கப்படும். இவ்விரண்டிற்கும் நடுவே நிற்பதே நல்ல வடிகாலின் இலக்கணம்.

வறண்ட நிலத்து ஓடைக்கு இன்னொரு தன்மையும் உண்டு. ஆண்டின் பெரும்பகுதி அதில் சிறிதளவு நீரே இருக்கும். ஓரிரு நாள் பெருவெள்ளம் வரும். அகன்ற தட்டையான கால்வாயில் சிறு நீர் பரந்து தேங்கிக் கொசுவை வளர்க்கும். எனவே, அகன்ற கால்வாயின் அடியின் நடுவே சிறியதொரு வாய்க்காலை அமைப்பர். சிறு நீர் அதனுள் விரைந்து செல்லும். பெருநீர் வந்தால் கால்வாய் முழுவதும் நிரம்பிச் செல்லும்.

பாலங்களிலும் கருத்துச் செலுத்துதல் வேண்டும். எத்துணை அகலமான கால்வாயாயினும், சாலையின் கீழ் குறுகிய குழாயின் வழியே புகுமாயின், குழாயின் அளவே அக்கால்வாயின் அளவாகிவிடும். ஒரு சங்கிலியின் வலிமை அதன் மெலிந்த கண்ணியின் வலிமையே அன்றோ? அதுபோலவே, வடிகால் சென்று முடியும் இடத்தையும் நோக்குதல் வேண்டும். ஆற்றில் வெள்ளம் உயர்ந்து நிற்கும்போது, வடிகாலின் வாய் அதனினும் தாழ்ந்திருந்தால், நீர் வெளியேறாது. ஆற்று நீரே ஊருக்குள் எதிர்த்து ஏறும்.

நிறுத்தலும் வேண்டும்

வெள்ளத்தை விரைந்து வெளியேற்றுவதே வடிகாலின் கடமை என்று எண்ணுவோர் பலர். அஃது உண்மையில் பாதியே. ஒவ்வோர் ஊரும் தன் நீரை விரைந்து தள்ளிவிட்டால், கீழே உள்ள ஊர் மூழ்கும். மேலும், வறண்ட நிலத்தில் நீரை முழுதும் ஓட்டிவிடுவது, கையிற் கிடைத்த செல்வத்தைத் தெருவில் எறிவதற்கு ஒப்பாகும்.

மேற்கூறிய கால்வாயில் அரை மீட்டர் உயரத்திற்கு வண்டல் படிந்துவிட்டது என்று கொள்வோம். எஞ்சிய குறுக்கு வெட்டு 2 சதுர மீட்டரே. வேகம் குறையாது என்று வைத்துக்கொண்டாலும், அது 4 கன மீட்டர் நீரையே சுமக்கும். மீதி 2 கன மீட்டர் வினாடிதோறும் தெருவில் ஏறும். அரை மணி நேரம் இவ்வாறு ஏறினால், தெருக்களில் பரவும் நீர் 3,600 கன மீட்டர். இந்நீரைத் தாங்க 60 மீட்டர் நீளமும் 60 மீட்டர் அகலமும் 1 மீட்டர் ஆழமும் உள்ள ஒரு குட்டை போதும். ஒரு பள்ளியின் விளையாட்டிடம் அளவே உள்ள அக்குட்டை ஓரிடத்தில் இருந்திருந்தால், பல தெருக்கள் தப்பும். கோடையில் அதனைத் திடலாகவும் மழைக்காலத்தில் குட்டையாகவும் பயன்படுத்தலாம்.

மற்றொரு வழியும் உண்டு. 100 சதுர மீட்டர்க் கூரையில் 36 மில்லிமீட்டர் மழை பெய்தால், 3,600 லிட்டர் நீர் கிடைக்கும். அதனைத் தொட்டியில் சேர்த்தோ, கிணற்றருகே மண்ணுள் இறக்கியோ வைக்கலாம். ஆயிரம் வீட்டார் இவ்வாறு செய்தால், நிற்கும் நீர் 3,600 கன மீட்டர். ஊராட்சி ஒரு குட்டை வெட்டிச் செய்யும் பணியை, ஆயிரம் வீடுகள் சேர்ந்து ஓசையின்றிச் செய்துவிடக்கூடும். தமிழ்நாட்டில் கட்டடந்தோறும் மழைநீர் சேகரிப்பு அமைத்தல் சட்டத்தால் வலியுறுத்தப்பட்டிருப்பதன் பயன் கிணற்றுக்கு மட்டும் உரியதன்று. கரையோரத்துக் குடிசைக்கும் உரியது.

பேணாத வடிகால்

திருப்பூரின் ஓடைகள் வேறொரு துன்பத்தையும் கண்டவை. பல்லாண்டுகளாகச் சாயக்கழிவு நீர் அவற்றின் வழியே நொய்யலிற் கலந்தது. 1992இல் பாசனத்திற்கெனக் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் அந்நீர் தேங்கிற்று. உழவர் அதனை வயலுக்குப் பாய்ச்ச இயலாமல் வருந்தினர். உப்பேறிய கிணறுகளும் பாழாயின. 2011 சனவரித் திங்களில், கழிவுநீரைத் தூய்மை செய்யாத சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. அதன்பின் கழிவுநீரை ஒரு துளியும் வெளிவிடாது தூய்மை செய்து மீளப் பயன்படுத்தும் முறை உறுதியாக நடைமுறைப்படுத்தப்பட்டது. நவம்பரில் வெள்ளம் வந்ததும் அவ்வாண்டே. ஓடைக்கு நஞ்சைத் தந்த குற்றமும், ஓடையின் இடத்தைப் பறித்த குற்றமும் ஒரே ஆண்டில் நகரின் கண்முன் வந்து நின்றன.

மழைநீர் வடிகால் மழைநீருக்கே உரியது. அதில் வீட்டுச் சாக்கடையைச் சேர்த்தால் ஆண்டு முழுவதும் சேறு படியும். மழை வரும்போது கால்வாய் முன்னரே பாதி நிறைந்திருக்கும். அடைப்பை உண்டாக்கும் பொருள்கள் பின்னலாடை நகரில் மிகுதி. பனியன் வெட்டுத் துண்டுகள், நூற்கழிவு, நெகிழிப்பை, அட்டைப்பெட்டி ஆகியவை பாலத்தின் வாயில் ஒன்றோடொன்று சிக்கி அணைபோல் நின்றுவிடுகின்றன. பொறியாளர் 2 மீட்டர் அகலம் கணக்கிட்டாலும், தெருவில் எறியப்பட்ட ஒரு மூட்டைக் கழிவு அக்கணக்கைப் பொய்யாக்கிவிடும். ஆதலின் பாலத்தின் முன்னே கம்பித் தடுப்பு வைத்து, அதில் சேரும் குப்பையை அவ்வப்போது நீக்குவர். ஐப்பசி பிறப்பதற்கு முன்பே தூர் எடுத்து முடித்தல் வேண்டும். எடுத்த வண்டலைக் கரையிலேயே குவித்துவைத்தால், முதல் மழையே அதனை மீண்டும் உள்ளே கொண்டு சேர்த்துவிடும்.

எத்துணை பெரிய வடிகாலும் எல்லா மழையையும் தாங்காது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் மழைக்கென்றே அதன் அளவு வகுக்கப்படுகின்றது. நூறாண்டுக்கு ஒருமுறை வரும் மழைக்கு வடிகாலை விட ஓர் எளிய காப்பு உண்டு. அது வெற்றிடம். ஓடையின் இரு கரையிலும் எவரும் வீடு கட்டாத ஓரளவு நிலத்தை விட்டுவைத்தால், பெருவெள்ளம் அங்குப் பரவி, எவரையும் வருத்தாமல் வடிந்துவிடும்.

ஆனால் அவ்வெற்றிடத்தில் குடியேறுவோர் யாவர்? பிறர் நிலத்தைப் பறிக்கும் நோக்குடையோர் மட்டும் அல்லர். வேலை தேடி வந்து, உயர்ந்த வாடகை கொடுக்க இயலாமல், ஓடைக்கரையில் ஒரு கூரை அமைத்துக்கொள்ளும் ஏழைத் தொழிலாளரே பலர். உலகிற்கு ஆடை தைக்கும் கைகள் அவருடையவை. அவர்களை அங்கிருந்து அகற்றுவது மட்டும் காப்பு ஆகாது. வேலைக்குச் சென்றுவரத்தக்க தொலைவில், மேட்டு நிலத்தில் வீடு அளிப்பதும் வடிகால் திட்டத்தின் ஒரு பகுதியே ஆகும். வீட்டை விடுத்துக் கால்வாயை மட்டும் வரையும் திட்டம், கணக்கில் சரியாயினும் அறத்தில் தவறுடையது.

முடிவுரை

நீர்ப்பிடிப்பை அறிதல், மழையை அளத்தல், போதிய கால்வாய் அமைத்தல், வழியில் நீரை நிறுத்தல், தூய்மை பேணல், கரையில் இடம் விடுதல் ஆகிய ஆறும் சேர்ந்ததே வடிகால் அமைப்பு. இவற்றுள் முதல் மூன்றும் பொறியாளர் பணி. பின்னைய மூன்றும் ஊரார் அனைவரின் பணி. ஒன்று குறைந்தாலும் மற்றவை பயன் தாரா.

வறண்ட ஓடையைக் காணும் மாணவர், அதனைக் குப்பை கொட்டும் குழியாகக் கருதுதல் ஆகாது. அஃது உறங்கும் ஆறு. என்றோ ஒருநாள் இரவில் அது விழித்தெழும். அப்போது அதற்கு வழி இருந்தால் குளத்தை நிரப்பிச் செல்லும். வழி இல்லையெனில் வீட்டின் கதவைத் தட்டும். அவ்வழியை அதற்காகக் காத்து வைப்பது, அதன் கரையில் உறங்கும் மக்களின் உயிரைக் காத்து வைப்பதேயாகும்.

பயிற்சி

1. மழை குறைந்த ஊரிலும் திடீர் வெள்ளம் தோன்றுவதற்குரிய காரணங்கள் யாவை?
2. நொய்யல் அணைக்கட்டுகளும் குளங்களும் வெள்ளத்தைத் தணித்த முறையை விளக்குக.
3. பெட்ரா நகர நிகழ்ச்சி உணர்த்தும் பாடம் யாது?
4. அரைச் சதுர கிலோமீட்டர் பரப்பில் மணிக்கு 36 மில்லிமீட்டர் மழை பெய்து, ஐந்தில் மூன்று பங்கு ஓடுமாயின், வினாடிக்கு எத்துணைக் கன மீட்டர் நீர் வடிகாலை அடையும்?
5. உங்கள் ஊரில் உள்ள ஓர் ஓடையையோ வாய்க்காலையோ ஆசிரியருடன் சென்று கண்டு, அதன் இன்றைய நிலையைப் பற்றி ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.